மணி இல்லாத மணிவாழை

பண்ணைப் பாலத்தில் ஏறியதும் கிறேஸ் ரீச்சரின் ஒஸ்ரின் கார் இருமியது. பிறகு தன் தலைவிதியை நொந்துகொண்டு ஓடத் தொடங்கியது. அதை ஓட்டிய இன்னாசித்தம்பிக்குக் காரின் மீது அனுதாபம் உண்டு. இரண்டு பேருக்கும் எசமானி ஒருத்திதான்.

இன்னாசித்தம்பி முன்னாள் பொலிஸ்காரன். சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் உத்தியோகம் நிலைக்கும் என்று அரசாங்கம் அறிவித்தபோது, தமிழில் எழுதவே பஞ்சிப்படுகிறவனை இப்படியெல்லாம் சோதிக்கலாமா என்று கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன். கிறேஸ் ரீச்சர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தாவரவியல் படிப்பித்து இளைப்பாறியவர். வாழ்நாள் முழுக்கத் தண்டையும் வேரையும் வெட்டிப் பார்த்த கை சும்மா இருக்க மறுத்தது. மனிதர்களை வெட்டிப் பார்க்கச் சட்டம் இடம் கொடுக்காதபடியால் துப்பறியத் தொடங்கிவிட்டார்.

இப்போது அவர்கள் ஊர்காவற்றுறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சூசையம்மாவின் மகன் உண்மையான மகனா, பொய்யான மகனா என்று தீர்ப்புச் சொல்ல.

சூசையம்மாவின் ஒரே பிள்ளை சில்வெஸ்ரர், மீசை அரும்புமுன்னே ஊர்காவற்றுறைத் துறையில் பாய்க்கப்பல் ஏறி ரங்கூனுக்குப் போனவன். பின்னாலேயே யுத்தம் வந்தது, யப்பான்காரன் வந்தான், கடிதம் மட்டும் வரவில்லை. இப்போது, இந்த அறுபத்துநாலாம் ஆண்டில், பர்மா அரசாங்கம் கடைகளையெல்லாம் பறித்துக்கொண்டு பிறநாட்டாரை விரட்டிவிட, இந்தியாவுக்கு வந்து, அங்கிருந்து மீன்பிடி வள்ளத்தில் தீவுக் கரைக்கு வந்து இறங்கிய ஒருவன், 'நான்தான் சில்வெஸ்ரர்' என்றான். பாஸ்போட் இல்லை. ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. சூசையம்மாவின் மகன் என்று நிரூபிக்க முடியாவிட்டால் அவனுக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு பெயர்தான்: கள்ளத்தோணி. கொழும்புக் காம்பில் அடைத்து, வந்த வழியே கப்பலேற்றிவிடுவார்கள்.

தாய்க்காரி பார்த்துச் சொன்னால் முடிந்தது என்று நினைக்கலாம். சூசையம்மாவின் இரண்டு கண்ணிலும் வெண்படலம். அதோடு, யுத்தம் முடிந்த கையோடு இப்படித்தான் ஒருவன் 'அம்மா' என்று வந்து, கோழிக்கறி தின்று, அழுது, அவவின் அட்டியலோடு மறைந்து போயிருந்தான். அன்றைக்கே மனுசி சொல்லிவிட்டா, நிச்சயம் தெரியுமட்டும் இனி ஒருத்தனையும் என் படலைக்குள் விடாதீர்கள் என்று.

நிச்சயத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைச் சுமந்தவர் அவவின் தமையன் மகன் மரியநாயகம். ஊர்காவற்றுறைச் சந்தையடியில் சீமெந்துக் கடை. ரீச்சரைக் கூப்பிட்டவரும் அவர்தான். மாமியின் மன நிம்மதி ஒன்றுதான் அவருடைய இலட்சியம். அந்த நிம்மதியோடு கல்வீடும் தென்னை வளவும் அவர் கைக்கு வந்து சேரும் என்பது வெறும் தற்செயல்.

"இன்னாசி, போன முறை சூசையம்மா வீட்டுக் கிணத்தடி மணிவாழைப் பூச்செடியை வடிவாப் பாத்தனீரோ?" என்று கேட்டார் ரீச்சர்.

"பாத்தனான் ரீச்சர். பூ இருந்தது, இலை இருந்தது, இலைக்குக் கீழை மரியநாயகத்தாற்றை கோழி இருந்தது."

"காய்?"

"கோழி ஏன் ரீச்சர் காய்க்கப்போகுது?"

ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். முப்பது வருடம் வகுப்பறைகளை அடக்கிய பார்வை அது. இன்னாசித்தம்பி உடனே வீதியைப் பார்த்தான்.

"காயைக் காணேல்லை ரீச்சர். பேரிலை மட்டும்தான் மணி."

"காணவும் மாட்டீர். அண்டைக்கு ஒரு மொட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தனான் எல்லோ? பிளந்து நுணுக்குக்காட்டியிலை வைச்சுப் பாத்தனான். நிறமூர்த்தம் இருபத்தேழு."

"நிறமூர்த்தமோ? அது எந்தக் கோயிலிலை? நாங்கள் வேதக்காரர் எல்லோ ரீச்சர், எங்களுக்கென்ன மூர்த்தம்?"

"குரோமோசோம். உயிருள்ள எல்லாத்தின்ரை கலத்துக்குள்ளையும் இருக்கிற நூல் துண்டுகள். பூ என்ன நிறம், இலை என்ன நீளம், எல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. சாதாரண மணிவாழைக்குப் பதினெட்டு. ஒன்பது வகை, வகைக்கு இரண்டு. தாயிட்டை இருந்து ஒண்டு, தேப்பனிட்டை இருந்து ஒண்டு. விதை உண்டாகிறதுக்கு முதல் அதைச் சரிபாதியாப் பிரிக்கவேணும். விளங்குதோ?"

"விளங்குது."

"இந்தச் செடியிலை வகைக்கு மூண்டு. மூண்டை இரண்டு பங்காச் சரிசமனாப் பிரியும் பாப்பம்."

"அதுக்குத்தானே ரீச்சர் யாழ்ப்பாணத்துக் கோட்டிலை பிரக்கிராசிமார் இருக்கினம்."

"அதேதான் இங்கையும்! பங்கு பிரியாது, வழக்கு முடியாது, காணி தரிசாக் கிடக்கும். மகரந்தம் சூம்பிப்போகும், காய் பிடிக்காது. கிழங்கை உடைச்சு நட்டால்தான் அடுத்த செடி. பூ மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும். பிள்ளைப் பாக்கியம் இல்லை."

இன்னாசித்தம்பி மெல்ல விசிலடித்தான். வழக்கின் முழுப் பாரமும் அந்தச் செடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவனிடம் இருந்த ஒரே அத்தாட்சி கறுத்த மணிகள் கோத்த ஒரு செபமாலை. கப்பலேறும்போது அம்மா தந்தது, எங்கள் கிணற்றடி மணிவாழையின் மணிகளை அம்மாவே பறித்துக் கோத்தது என்று அவன் ஊர் விதானையாரிடம் சொல்லியிருந்தான். மாமியின் நிம்மதிக்காக மரியநாயகம் அதை அவவிடம் சொல்லவில்லை. அந்த வாழையோ ஊரறிந்தது. சூசையம்மாவின் புருசன் கப்பலோடிய காலத்தில் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்த கிழங்கு. மஞ்சள் பூ, அதில் சிவப்புப் புள்ளி. தீவில் வேறு எங்கும் கிடையாது.

"அப்ப ஆள் பொய்க்காரன்," என்றான் இன்னாசித்தம்பி.

"மணிகள் மணிவாழை மணியா இருக்கலாம். ஆனால் அந்தச் செடியின்ரை மணி இல்லை. பொய்தான்."

வழக்கு வென்றால் இன்னாசித்தம்பிக்குப் பசியெடுக்கும். இன்றைக்கு எடுக்கவில்லை. போன முறை அந்த மனிதன் தன்னிடம் இருந்த ஒரே பீடியை இரண்டாக முறித்து அவனுக்குப் பாதி தந்திருந்தான். மண்டைதீவுச் சந்தியும் மண்கும்பான் மணலும் கழியும்வரை அவன் பகிடி ஒன்றும் விடவில்லை. ரீச்சருக்கே அது ஆச்சரியம்.

மரியநாயகம், சூசையம்மா வீட்டுக்கு அடுத்த தன் வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் காத்திருந்தார். இருபத்தேழைக் கேட்டதும் எழும்பி நின்றே விட்டார். சோடா வந்தது. பிஸ்கட் வந்தது. போன முறை வெறும் தேத்தண்ணிதான்.

"விஞ்ஞானம் எண்டால் விஞ்ஞானம்தான்! எனக்கு அப்பவே தெரியும் ரீச்சர். உந்த வாழை ஒரு நாளும் காய்ச்சதில்லை. வேலிக்கு மேலாலை பாக்கிற எவனுக்கும் தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நான் சொன்னால் காணிக்காகச் சொல்லுறன் எண்டு சனம் கதைக்கும். நீங்கள் சொன்னால் அது விஞ்ஞானம் எல்லோ?"

ரீச்சர் பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"பொலிசுக்கு அறிவிச்சிட்டன்," என்றார் மரியநாயகம், கையைத் தேய்த்துக்கொண்டு. "பின்னேரம் ஜீப் வரும். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் போதும், ஆளை ஏத்திக்கொண்டு போயிடுவினம். பாவம்தான். ஆனால் மாமியின்ரை நிம்மதி எண்டு ஒண்டு இருக்குதே."

"அவவின்ரை நிம்மதிக்கு நீங்கள் கிடந்து மெலிஞ்சு போனியள் அண்ணை," என்றான் இன்னாசித்தம்பி, அவருடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டு.

தீர்ப்புச் சொல்லுமுன் குற்றவாளியையும் ஒருமுறை கேட்க வேண்டும் என்றார் ரீச்சர். அது நீதிக்காக அல்ல. செபமாலையை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்கும் ஆசை.

அந்த மனிதன் கோயில் வளவில், சுவாமியார் இரங்கி இடம் கொடுத்த கொட்டிலின் வாசலில் இருந்து யாரோ ஒருவருடைய கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தலை முக்கால்வாசி நரை. தமிழைக் கனகாலம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்து இப்போதுதான் வெளியே எடுத்தவன்போல ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பேசினான்.

ரீச்சர் செபமாலையை வாங்கி வெயிலில் பிடித்தார். விரல் பட்டுப் பட்டு மினுங்கிய கறுத்த மணிகள். சந்தேகமில்லை, மணிவாழை விதைகள்தான். பத்துப் பத்தாகக் கோத்த மணிகளில் ஓர் இடத்தில் மட்டும் ஒன்பது. பத்தாவதுக்குப் பதிலாக வெறும் முடிச்சு.

"ஒண்டு எங்கை?"

"நட்டுப்போட்டன்."

"என்ன?"

"ரங்கூனிலை, வேலை செய்த கடைக்குப் பின்னாலை. வீட்டு யோசனை பொறுக்க ஏலாமல் போச்சு. அந்த மஞ்சள் பூவை ஒருக்காப் பாத்தால் காணும் எண்டு இருந்தது. ஒரு மணியைக் கழட்டி, கல்லிலை உரசிப்போட்டு நட்டனான். முளைச்சது. பூத்தது." அவன் வெட்கத்தோடு சிரித்தான். "ஆனால் மஞ்சள் இல்லை. சின்னச் சிவப்புப் பூ. பர்மா மண் வேறை எல்லோ, அதாலை பூவும் மாறிப்போச்சாக்கும்."

"மண் மாறப் பூ மாறும் எண்டால், எங்கடை ஆக்களிலை ஒரு சிலரைக் கொண்டுபோய்ப் பர்மாவிலை நடலாம்," என்றான் இன்னாசித்தம்பி.

ரீச்சர் சிரிக்கவில்லை. கிணற்றடி வாழை விதை தராத சாதி, என்றைக்கும் தந்திருக்க முடியாது என்பதை அவர் வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். மனிதனின் கையிலிருந்த வலை ஊசி அசையாமல் நின்றது.

"அப்ப இது...?" என்றான். பிறகு தலையை ஆட்டினான். "இல்லை. அம்மா தன்ரை வாயாலை, என்ரை காதுக்குள்ளை சொன்னவ. அம்மா பொய் சொல்லமாட்டா. நீங்கள் எண்ணினதுதான் பிழைச்சிருக்கும்."

கிறேஸ் ரீச்சரின் எண்ணிக்கை பிழை என்று இதுவரை உலகத்தில் ஒருவரும் சொன்னதில்லை. மாலையைப் பையில் போட்டுக்கொண்டு, முகம் சிவக்க, விறுவிறென்று காருக்குப் போனார்.

"பாத்தீரோ துணிவை? அம்மா பொய் சொல்லமாட்டாவாம், நிறமூர்த்தம்தான் பொய் சொல்லுதாம்!"

இன்னாசித்தம்பி காரைத் திருப்பினான். மனதுக்குள் இருந்த பாதிப் பீடி உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஒண்டு சொல்லுவன், ஏசக்கூடாது ரீச்சர். நான் பொலிசிலை எத்தினை கள்ளரைக் கண்டிருப்பன்? எல்லாரும் தொழில் தெரிஞ்சவங்கள். இவனைப்போல ஒரு மொக்குக் கள்ளனைக் காணேல்லை. பொய் சொல்லுறதுக்கு முதல் வேலிக்கு மேலாலை ஒருக்கா எட்டிப் பாக்கக்கூடாதே? காய் இல்லை எண்டு கோழிக்கே தெரியும். போதாக்குறைக்கு, ஆரும் கேக்காமலே சிவப்புப் பூப் பூத்தது எண்டு தானாச் சொல்லுறான். ரங்கூனிலை ஆர் பாத்தது? மஞ்சள் எண்டு சொன்னால் நாக்குத் தேஞ்சுபோமே?"

"நிப்பாட்டும்."

"ஏசக்கூடாது எண்டு..."

"காரை நிப்பாட்டும் இன்னாசி!"

கார் நின்றது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார். அவருடைய குரல் இறங்கிப் போயிருந்தது.

"நான் பாதிக் கணக்கோடை எழும்பி வந்திட்டன். அந்தச் செடியிலை விதை இல்லை. அது உண்மை. எங்கையோ ஒரு பொய் இருக்குது, அதுவும் உண்மை. ஆனால் பொய் சொன்னது அவன்தான் எண்டு நிறமூர்த்தம் எங்கை சொன்னது? பொய்க்காரன் தன்ரை பொய்யை மினுக்கி வைப்பான். இவன் அதைத் தூசு தட்டவே இல்லை. உண்மை எண்டு நம்பினவன்தான் அப்பிடிச் செய்வான்." அவர் பையை இறுக்கிப் பிடித்தார். "சூசையம்மாவிட்டை விடும். கெதியா!"

மரியநாயகம் படலையில் குறுக்கே நின்றார். மாமி நித்திரை என்றார். மாமிக்கு நெஞ்சு நோ என்றார். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

"நித்திரையிலை நெஞ்சு நோகிறது கூடாது அண்ணை, எழுப்பத்தான் வேணும்," என்றான் இன்னாசித்தம்பி. தன் அகன்ற உடம்பை அவருக்கும் ரீச்சருக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தினான். ரீச்சர் உள்ளே போய்விட்டார்.

சூசையம்மா குசினி வாசலில் சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. ரீச்சர் பக்கத்தில் குந்தினார்.

"அக்கா, கிணத்தடி மணிவாழை எப்பவாவது காய்ச்சதோ?"

"ஒரு நாளும் இல்லைப் பிள்ளை. அந்த மனுசன் கொண்டுவந்து வைச்ச நாள் தொட்டு வெறும் பூத்தான்."

"அப்ப மகனுக்கு மாலை என்னத்திலை கோத்தனீங்கள்?"

இலை உருவிய விரல்கள் நின்றன. மனுசி சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினா.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

ரீச்சர் பையைத் திறந்தார். செபமாலையை எடுத்து அவவின் மடியில் வைத்தார்.

சூசையம்மா அதைத் தொட்டுப் பார்க்கக் கனநேரம் எடுத்தா. தொட்ட பிறகு விடவில்லை.

"அவன் போறதுக்கு முதல் நாள் முழுக்க ஒரே கரைச்சல்," என்றா மெதுவாக. "தேப்பன் வைச்ச செடியிலை ஒரு விதை தாங்கோ, கொண்டுபோறன் எண்டு. அதிலை எங்கை விதை? கிழங்கைக் கட்டிக்கொண்டு போனால் கப்பலிலை அழுகிப்போகும். அயலிலை இருந்த கத்தரீனாவின்ரை வளவிலை காட்டு மணிவாழை நிண்டது, சின்னச் சிவப்புப் பூ. அதிலை ஒரு மடி மணி பொறுக்கிக் கோத்து, எங்கடை கிணத்தடியிலை பறிச்சது எண்டு காதுக்குள்ளை சொல்லிக் குடுத்தன். வேறை ஆருக்கும் சொல்லேல்லை. கத்தரீனாவுக்குக்கூட, என்னத்துக்கு எண்டு சொல்லேல்லை. அவளும் செத்துப் போனாள். பாவசங்கீர்த்தனத்திலையும் சொல்லேல்லை. அது பாவம் எண்டு நான் நினைக்கேல்லை."

"மாமி, பொறுங்கோ!" மரியநாயகம் ஒருவாறு இன்னாசித்தம்பியைச் சுற்றி உள்ளே வந்துவிட்டார். "உண்மையான சில்வெஸ்ரர் கூட வேலை செய்தவனுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பான். அவன் செத்துப்போக, கூட இருந்தவன் மாலையையும் கதையையும் தூக்கிக்கொண்டு வந்திருப்பான்!"

இன்னாசித்தம்பிக்கு எரிச்சல் வந்தது. ஏனென்றால் அது கெட்டித்தனமான கேள்வி.

வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. சப் இன்ஸ்பெக்டர் வழியிலேயே கோயிலடியில் ஆளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். சூசையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, ஒருவர் கையையும் வாங்காமல் படலைவரைக்கும் நடந்தா. செபமாலை கையிலேயே இருந்தது. மனிதன் ஜீப்பிலிருந்து இறங்கினான். அம்மா என்று கூப்பிடக்கூட அவனுக்குத் துணிவு வரவில்லை.

"ஒரு மணி குறையுது," என்றா சூசையம்மா.

"நட்டனான்."

"பூத்ததோ?"

"சிவப்பாப் பூத்தது. மண் பிழையாக்கும்."

மனுசியின் தோள்கள் குலுங்கின. அழுகிறா என்றுதான் இன்னாசித்தம்பி நினைத்தான். சிரித்துக்கொண்டிருந்தா.

"மண் பிழையில்லை. அது கத்தரீனா வளவுப் பூ. எங்கடை வாழை காய்க்கிறதில்லை."

மனிதன் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு நாற்பது வயது நரைத்த முகத்தில், சின்னப் பொடியனின் கோபம் ஒன்று ஏறியது. யாரையும் பார்க்கவில்லை, பொலிசையும் பார்க்கவில்லை.

"அப்ப பொய்யோ சொன்னனீங்கள்? அந்தப் பூவைப் பாத்துப் பாத்து நான் பர்மா மண்ணை ஏசிக்கொண்டு திரிஞ்சன்! துறையிலை உப்பு மூட்டைக்குப் பின்னாலை வைச்சுக் கன்னத்திலை அறைஞ்சது காணாதெண்டு பொய்யும் சொல்லி அனுப்பியிருக்கிறியள்!"

சூசையம்மாவின் சிரிப்பு நின்றது.

"அறைஞ்சதை ஆருக்கும் சொன்னனியோ?"

"என்னெண்டு சொல்லுறது? கப்பலேற மாட்டன் எண்டு அழுதனான், அம்மா அறைஞ்சு ஏத்தினவ எண்டோ? வெக்கமில்லையே?"

சூசையம்மா கையை நீட்டினா. அது காற்றில் தடவி, அவனுடைய சேட்டைப் பிடித்து, கழுத்துக்கு ஏறி, அன்றைக்கு அறைந்த கன்னத்தில் போய் நின்றது.

"உப்பு மூட்டைக்குப் பின்னாலை எண்டபடியால் ஒரு சனமும் காணேல்லை," என்றா சூசையம்மா, மரியநாயகம் நின்ற பக்கம் திரும்பாமலே. "மாதாவைத் தவிர."

மரியநாயகம் ரீச்சரைப் பார்த்தார். தனக்காக வந்த விஞ்ஞானம் ஏன் தனக்கு எதிராக நிற்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ரீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர்தான், ஆனால் அரசாங்கத்துக்குக் கடதாசி வேண்டும்.

"ஆச்சி, எனக்கு மேலிடத்துக்கு என்னவாவது எழுதி அனுப்ப வேணும். பாஸ்போட் இல்லை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை. உங்கடை மகன் எண்டதுக்கு ஆதாரம் என்ன எண்டு எழுதுறது?"

சூசையம்மா மகனின் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"சூசையம்மா பெத்த பிள்ளைக்குப் பொய் சொல்லிப் போட்டா, அந்தப் பொய்யை இவன் ஒருத்தன்தான் நம்பினவன் எண்டு எழுதும் தம்பி. கீழை நான் கைநாட்டு வைக்கிறன்."